அவர் அசையவில்லை

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கிரைண்டிங் மெஷின் ஓட்டினார். இரும்புத் துண்டை மைக்ரான் கணக்கில் தேய்த்து எடுக்கிற வேலை. கை கொஞ்சம் தடுமாறினாலும் பீஸ் குப்பைக்குப் போய்விடும். வாழ்க்கை முழுவதும் அதையே செய்ததாலோ என்னவோ, அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் பெருமை இருந்தது. தான் அசையாத ஆள் என்பதில். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். கொசு கடித்தால்கூடக் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் அடிப்பார், அதற்குள் அது சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போயிருக்கும் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அப்படிப்பட்ட மனிதரை, அசைந்துவிட்டார் என்று ஒரு ஆஸ்பத்திரியே நம்பும்படி செய்தேன். கடைசியில் அவரையும் நம்பவைத்தேன். ஒரு வருடத்துக்கும் மேல் அதைத் திருத்தாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை எழுதுவதால் எனக்கு மன்னிப்பு கிடைத்துவிடும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. உள்ளே வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியைத் தாண்டி இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேத் லேப் டெக்னீஷியன். இதயத்தின் அடைப்பை எடுக்கவும் ஸ்டென்ட் வைக்கவும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை உள்ளே விடுகிற அறைதான் கேத் லேப். டாக்டர் ஊசியால் குத்தி உள்ளே நுழைகிற இடம் பெரும்பாலும் மணிக்கட்டு. அது சரிப்படாதவர்களுக்குத் தொடையும் வயிறும் சேருகிற மடிப்பு. பார்க்கிறவர்கள் இதயத்தில் நடப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அந்த முதல் குத்துதான் கவலை. மடிப்புக்குக் கீழே குத்தினால் பிறகு கையால் அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிடலாம், அடியில் எலும்பு இருக்கிறது. மேலே குத்திவிட்டால் அழுத்துவதற்கு அடியில் ஒன்றும் இல்லை, பஞ்சு மெத்தையில் அழுத்துகிற மாதிரிதான். ரத்தம் வெளியே வராது, வயிற்றின் பின்பக்கம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தக் குத்துக்கு உதவத்தான் கண்ணில் மாட்டுகிற ஒரு கண்ணாடி வந்தது. ஒரு கம்பெனி சோதனைக்காக எங்களிடம் கொடுத்திருந்தது. வழக்கமாக டாக்டர் ஸ்கேன் கருவியைத் தோலில் வைத்துவிட்டு, ரத்தக்குழாய் எங்கே போகிறது என்று பக்கத்திலிருக்கும் டிவியைப் பார்க்க வேண்டும். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ஸ்கேன் படம் நோயாளியின் உடம்பு மேலேயே தெரியும். தோலுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடாக ரத்தக்குழாய் ஓடும். முதல் நாள் நானும் மாட்டிப் பார்த்தேன். எங்கள் வார்டு பாய் ஒருத்தனின் கால்மேல் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கண்ணாடிக்கு உடம்பு தெரியாது. இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், அதுதான் அதற்குத் தெரியும். ஸ்டிக்கர் இருக்கிற இடத்தை வைத்துத்தான் கோட்டை எங்கே காட்டுவது என்று அது முடிவு செய்யும். ஸ்கேன் எடுத்த பிறகு ஸ்டிக்கர் ஒரு விரல்கடை மேலே போனால் சிவப்புக் கோடும் ஒரு விரல்கடை மேலே போய்விடும். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. முன்பு இருந்த அதே அழகோடு தப்பான இடத்தில் இருக்கும்.

அதனால் ஸ்டிக்கர் என் பொறுப்பு. ஒட்டியதும் அதன் ஓரங்களில் தோல்மேல் பேனாவால் கோடு போடுவேன். பிறகு கோடும் ஸ்டிக்கரும் ஒட்டி நிற்கிறதா என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். ஒட்டியவுடன் ஒரு தடவை, நீலத் துணி போர்த்தும்போது ஒரு தடவை, டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கும்போது ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் 'சரி' என்று சொல்ல வேண்டும். போர்த்திய பிறகு ஸ்டிக்கரின் கட்டம் மட்டும் வெளியே தெரியும், ஓரமும் கோடும் துணிக்குள் மறைந்துவிடும் என்பதால், கடைசித் தடவை சிஸ்டரைத் துணியின் ஓரத்தைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தச் 'சரி'க்குப் பிறகுதான் டாக்டர் குத்துவார்.

மாமாவுக்கு மாரடைப்பு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. திருநின்றவூர் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. நான்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ பார்த்தபோது ரத்தக்குழாய் சுருங்கிக் குழாயைக் கவ்விக்கொண்டுவிட்டது. ஒரு இடத்தில் நல்ல அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், இந்தத் தடவை தொடை வழியாகப் போவோம் என்றார் டாக்டர். கண்ணாடியில் செய்யலாம் என்று மாமாவிடம் சொன்னதும் நான்தான். அதை மேஜைமேல் எடுத்துவைத்துக் காட்டியபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், வெல்டிங் கண்ணாடி கணக்கா கீது? டாக்டரு என்ன வெச்சு பத்த வெக்கப் போறாரா?"

"நீ அசையாம படுத்தா போதும் மாமா."

"அத்த எங்கிட்டயே சொல்றியா நீ?" என்று சிரித்தார்.

அன்று காலை அவரைத் தயார் செய்கிற அறையில் அக்காவும் இருந்தாள். தொடை வழியாகச் செய்யும்போது இடுப்பில் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரிடமும் அரைஞாண் கயிறு இருக்கும். சிலர் அதில் தாயத்தும் கோத்திருப்பார்கள். அதை அறுத்துத்தான் உள்ளே அனுப்புவோம். எத்தனையோ பேருக்கு நானே கத்தரிக்கோலால் அறுத்திருக்கிறேன். வெளியே போனதும் புதுசு கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். அழுத பெண்களைப் பார்த்து எரிந்து விழுந்ததும் உண்டு.

மாமாவின் இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு இருந்தது. முந்தின நாள்தான் அக்கா ஏதோ கோயிலில் மந்திரித்து, தாயத்தோடு கட்டியிருக்கிறாள். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த மட்டும் அறுக்காதடா. உசுரோட கீற மனுசனுக்கு அத்த அறுக்கக் கூடாதுடா தம்பி. நைனாவுக்கு எப்ப அறுத்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது அதை அறுத்தார்கள். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது என் கையைப் பிடித்திருந்தால் போம்மா அப்பால என்று சொல்லியிருப்பேன். பிடித்தவள் என் அக்கா. கயிற்றையும் தாயத்தையும் ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்தேன், தொப்புளுக்கு மேலே இழுத்து ஏற்றினேன், இடுப்பு ஓரத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். யாருக்கும் தெரியாது போ என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உள்ளே ஸ்டிக்கர் ஒட்டும்போது அதன் மேல் ஓரம் அந்தப் பிளாஸ்திரியின்மேல் ஏறியது. தோலில் ஒட்ட வேண்டியது பாதி தோலிலும் பாதி பிளாஸ்திரியிலும் ஒட்டியது. பார்த்தேன். நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்தேன். கோடு போட்டேன், சரி என்றேன். டாக்டர் ஸ்கேன் எடுத்தார். துணி போர்த்தும்போது பார்த்தேன், சரி என்றேன். மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். பயத்தில் மூச்சை மட்டும் ஆழமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வயிறு ஏறி இறங்கியது. கால் இரண்டும் கட்டை மாதிரிக் கிடந்தன. இப்படி ஒரு பேஷன்ட் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று டாக்டரே சொன்னார்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை எடுத்தார். "மார்க் பாருங்க" என்றார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். துணியைத் தூக்கட்டுமா என்பதற்கான பார்வை. அவர் ரொம்பக் கறார். கயிற்றைப் பார்த்தால் அங்கேயே கேஸை நிறுத்தி, எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து துடைக்கச் சொல்வார். டாக்டருக்குமுன் என் மானம் போகும். இத்தனை பேருக்கு அறுத்தாயே, உன் வீட்டு ஆளுக்கு மட்டும் என்ன என்று கேட்பார். இது எல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. வேண்டாம் என்று சிஸ்டருக்குத் தலையை ஆட்டினேன்.

"சரி சார்" என்றேன்.

டாக்டர் குத்தினார். ரத்தம் வந்தது, கம்பி போனது, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எக்ஸ்ரேயில் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேல இருக்கிற மாதிரி இல்ல?" என்றார். கேட்டது தன்னையேதான். மார்க் சரி என்று நான் சொல்லியிருந்ததால் அவரே தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஸ்டென்ட் அழகாக உட்கார்ந்தது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

துணியைப் பிரித்ததும் பார்த்தேன். ஸ்டிக்கர் கோட்டைவிட்டு மேலே போயிருந்தது. ஆள்காட்டி விரலை நடுவில் வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. அவர் மூச்சு இழுக்க இழுக்கக் கயிறு மேலே ஏறியிருக்கிறது, கயிறு பிளாஸ்திரியை இழுத்திருக்கிறது, பிளாஸ்திரி ஸ்டிக்கரை இழுத்திருக்கிறது. டாக்டர் இரண்டு அடி தூரத்தில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். 'சார், ஸ்டிக்கர் நகர்ந்திருக்கு, குத்து மேலே போயிருக்கலாம்' என்று அப்போது சொல்லியிருந்தால் போதும். வார்டில் பக்கத்திலேயே ஆள் உட்கார வைத்துப் பார்த்திருப்பார்கள். உடனே ஒரு ஸ்கேன் எடுத்திருப்பார்கள்.

ஸ்டிக்கரைப் பிய்த்தேன். பேனாக் கோட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். கேஸ் முடிந்ததும் கோட்டைத் துடைப்பது வழக்கம்தான். ஆனால் நான் அன்று துடைத்தது வழக்கத்துக்காக இல்லை. ஒன்றும் ஆகாது, நிறையப் பேருக்குக் கொஞ்சம் மேலே போகிறது, ஒன்றும் ஆவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மாமா முதுகு வலிக்கிறது என்றார். மல்லாக்கப் படுத்தே இருப்பதால் வலி என்று நினைத்தார்கள். ஐந்தரைக்கு முகம் வெளுத்து, பிரஷர் சரசரவென்று இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எனக்கு ஞாபகம் இல்லை. ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர். அக்கா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போகாமல் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் உள்ளே தேங்கிய ரத்தம் தொடைக்குப் போகிற நரம்பை நசுக்கிவிட்டது. நடக்கும்போது திடீரென்று முழங்கால் மடிந்துவிடும். நாளாக ஆகச் சரியாகும் என்றார்கள். பாதிதான் சரியாயிற்று.

பத்து நாள் கழித்துக் கண்ணாடிக் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தார். கண்ணாடி பதிவு செய்திருந்த வீடியோவைப் போட்டு எங்களுக்குக் காட்டினார். சின்னப் பெண், ரொம்ப மரியாதையாகப் பேசினார். கண்ணாடி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, ஸ்கேனுக்கும் குத்துக்கும் நடுவில் ஸ்டிக்கர் நகர்ந்திருக்கிறது, எப்போது என்பதுதான் வீடியோவில் தெரியவில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணாவது தடவை நீங்க பார்த்தீங்களா சார்?"

சிஸ்டர் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரும் துணியைத் தூக்காமல் விட்டவர், வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பார்த்தேன் மேடம். சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான், மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். நான் பார்த்தபோது சரியாக இருந்தது என்றால், நகர்ந்தது அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு நகர்ந்தது என்றால் பேஷன்ட் அசைந்திருக்கிறார். அறிக்கையில் அப்படியே போட்டார்கள். இனிமேல் கண்ணாடி கேஸில் நோயாளியின் காலைப் பட்டையால் கட்ட வேண்டும் என்று புது விதியும் வந்தது. அதைக் கட்டுகிற வேலையும் எனக்குத்தான். 'எதுக்குப்பா கட்றே?' என்று யாராவது கேட்டால், 'முன்னாடி ஒருத்தர் அசைஞ்சிட்டாரு' என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொன்னேன்.

டாக்டர் மாமாவிடம் இதை எடுத்துச் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். தப்பு சொல்கிற மாதிரி சொல்லவில்லை. பயத்தில் எல்லோரும் கொஞ்சம் அசைவார்கள், உங்களுக்கே தெரியாமல் நடந்திருக்கும் என்றார்.

"நான் அசையல சார்" என்றார் மாமா.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"இல்ல சார். எனக்குத் தெரியும். நான் அசையவே இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "மச்சான், நீ அங்கதான கீறே. சொல்லேன்."

அவர் தோளைத் தொட்டு, "உடு மாமா, பொழைச்சு வந்ததே பெருசு" என்றேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலு மாதம் கழித்து வேலைக்குப் போனார். ஒரே வாரம். மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது முழங்கால் மடிந்து சரிந்திருக்கிறார். போர்மேன் நல்ல மனுஷன், கூடவே வந்து வீட்டில் விட்டுவிட்டு, உடம்பு தேறினதும் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா பிறகு போகவில்லை. கால் போனதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அசைந்ததைப் பற்றித்தான் பேசுவார். முதல் ஆறு மாதம் நான் அசையல என்றார். பிறகு, அசைந்திருப்பேனோ என்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான்தான் மச்சான் எங்கயோ அசைஞ்சிட்டேன். உன் வேலைக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்சுல வெச்சுக்காத" என்றார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு அங்கே போவதைக் குறைத்தேன். என் முகப்பேர் வீட்டிலிருந்து அவர்கள் இருக்கிற திருநின்றவூர் என்ன அமெரிக்காவா? அம்பத்தூரில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் டியூட்டி டியூட்டி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மருமகள், அக்கா பெண், வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கிறவள், ஒரு நாள் மத்தியானம் போன் செய்தாள். சனிக்கிழமை கட்டாயம் வீட்டுக்கு வா மாமா, அப்பா என்னமோ மாதிரி இருக்கிறார் என்றாள். அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

போனேன். பட்டப்பகல், பதினோரு மணி. மாமா கூடத்தில் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். தொடைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். விளிம்பு வரைக்கும் தண்ணீர். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. மருமகள் என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"டெய்லி இப்படித்தான் மாமா. அரை மணி நேரம் டம்ளர் ஆடாம படுத்துக்கினு இருக்காரு. சிந்தலன்னா, அப்போ அன்னிக்கு மட்டும் ஏன்மா அசைஞ்சேன்னு என்னைக் கேக்கறாரு. நைட்லயும் தூங்கறதில்ல. தூக்கத்துல அசையறேனான்னு பாக்கச் சொல்றாரு."

அங்கேயே நின்று அந்த டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் ஆடவில்லை. முழங்கால் நிற்காத கால் அது. படுத்திருக்கும்போது மட்டும் சுவர் மாதிரி இருந்தது. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை எடுத்துக் கீழே வைத்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"மாமா, நீ அசையல" என்றேன்.

"உடு மச்சான்."

"நெசமா சொல்றேன். நான்தான் பார்க்கல. மூணாவது தடவை நர்சம்மாவைத் துணியத் தூக்கச் சொல்லிப் பார்க்கணும், பார்க்காமலே சரின்னு சொல்லிட்டேன். ஸ்டிக்கர் முன்னாடியே நகந்துடுச்சு. துணியைப் பிரிச்சதும் எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. உன்ன மாட்டி விட்டுட்டேன் மாமா."

அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்போ நான் அசையல" என்றார்.

"அசையல மாமா."

"இன்னொரு தபா சொல்லு."

"நீ அசையவே இல்ல."

அவர் முகம் விரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கால் போனதுக்கு என் பிடரியைப் பிடித்து உலுக்க வேண்டிய மனுஷன், என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யம்மோவ், கேட்டியா? நான் அசையலயாம்! நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். பிறகு போனைத் தேடி எடுத்துப் பழைய போர்மேனைக் கூப்பிட்டார். "சார், ஒண்ணுமில்ல சார், ஒரு விசயம் சொல்லணும்..." என்று ஆரம்பித்தார். என்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. அவரிடமிருந்து நான் எவ்வளவு பெரிய பொருளை எடுத்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அன்னிக்கு ஏன்டா பார்க்கல?" என்றாள்.

ரயிலில் வரும்போதுகூட இதைச் சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. மறந்துட்டேன்க்கா என்றேன். அவள் என்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நர்சம்மா துணியத் தூக்கினா கவுறு தெரியும்னு பார்க்கல. அதான?"

"இல்லக்கா. அதெல்லாம் இல்ல."

"நான் உன் கையப் புடிச்சதாலதான?"

"இல்லன்றேனே. தப்பு எம்மேலக்கா. சொன்னது நீயா இருந்தாலும் கேட்டது நான்தானே."

சொல்லி முடித்ததும்தான், அவள் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை, கடைசியில் மருமகள்தான் போய் அணைத்தாள். கூடத்தில் மாமா போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டாக்டரிடமும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். கேத் லேப்பிலிருந்து எடுத்து ஈசிஜி அறையில் போட்டிருக்கிறார்கள். அறிக்கையைத் திருத்துவதாகச் சொன்னார்கள். காலைக் கட்டுகிற வழக்கத்தை மட்டும் இன்னும் எடுக்கவில்லை, அதுவும் ஒரு பாதுகாப்புத்தானே என்கிறார்கள். கேட்பவர்களுக்கு இப்போது யார் என்ன பதில் சொல்கிறார்களோ தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இனி மனசு லேசாகும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைக்கூட இப்போது என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கே, துணியைப் பிரித்த அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருந்தால் மாமாவுக்குக் காலும் இருந்திருக்கும், அக்கா என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு அதோடு விட்டிருப்பாள்.

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.

போன வாரம் மருமகளிடம் மாமா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன்.

"அப்பா இப்ப சூப்பரா தூங்கறாரு மாமா, கொறட்டையெல்லாம் உடறாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாதான் தூங்கறதில்ல. அப்பா பக்கத்துல உக்காந்துகினு, அவரு காலையே பாத்துகினு இருக்காங்க."